காருக்குக் கணக்கு உண்டு. நடக்கிற காலுக்குக் கணக்கு இல்லையா?

(ஊர் விலக்கில் நடந்த விளக்கக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசியது)



நம்ம ஊர் விலக்கில், நாலுவழிச் சாலையை ஒட்டிப் பெரிய வணிக வளாகம் வரப்போகுது. வேலை கிடைக்கும், ஊர் வளரும் என்கிறார்கள். கடை வரட்டும், நாம் கடைக்கு எதிரி அல்ல. நாம் கேட்பது ஒன்றுதான். வீடு ஒரு பக்கம், வயல் மறுபக்கம். பால் ஊத்தணும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகணும், ரேஷன் வாங்கணும். அந்த வளாகத்துக்கு வரும் வண்டிகளுக்கு நடுவே நாம் எப்படி ரோட்டைத் தாண்டுவது?

"போக்குவரத்து ஆய்வு செய்தாச்சு" என்பார்கள். அதில் எதை எண்ணுகிறார்கள் தெரியுமா? சாலைகளுக்கு விதி வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1990-ல் போட்ட கிராமப்புறச் சாலைக் கணக்கில் ஒரு பட்டியல் இருக்கிறது. காருக்கு 1. சைக்கிளுக்கு அரை. டிரெய்லர் பூட்டிய டிராக்டருக்கு 4.5. மாட்டு வண்டிக்கு 8. அதாவது நம்ம மாட்டு வண்டி எட்டுக் கார் இடத்தை அடைக்குதாம்! சரி, தலையில் புல்லுக்கட்டோடு நடந்து வரும் தாய்க்கு எத்தனை? அந்தப் பட்டியலில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை. நடப்பவரைத் தனியாக எண்ணினால்தான் உண்டு. எண்ணாவிட்டால் அந்த அறிக்கையில் நாம் இந்த ஊரில் இல்லவே இல்லை!

நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரோட்டின் ஒரு பக்கம் இரண்டு தடம், 7 மீட்டர். சுமையோடு வயசானவர் நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் 7 நொடி ஆகும். 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த 7 நொடியில் 155 மீட்டர் பாய்ந்துவிடும். ஆக, 155 மீட்டருக்கு வண்டியே இல்லாத இடைவெளி வேண்டும். இன்றைக்கு நின்று நிதானித்தால் அது கிடைக்குது. வளாகம் வந்து வண்டி பெருகினால் கிடைக்குமா? காத்துக் காத்துப் பொறுமை இழந்து ஓடுவோம். அங்கேதான் உயிர் போகும். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் செத்தவர் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் 32,825 பேர். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் நம்ம தமிழ்நாட்டுக்கு!

"முதலில் கட்டட்டும், பிறகு கேட்டுக்கலாம்" என்று சிலர் சொல்றாங்க. திருச்சியைப் பாருங்கள். தஞ்சாவூர் சாலையில் பால்பண்ணை முதல் துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு இல்லாமலே நாலுவழிச் சாலை போட்டாங்க. பிறகு சர்வீஸ் ரோடு கேட்டு மக்கள் வருஷக்கணக்கில் போராட வேண்டி வந்தது. விஷயம் நீதிமன்றம் வரை போனது. ரோட்டோரம் கட்டடம் எழும்பிய பிறகு இடம் எடுப்பது லேசான காரியமா? கட்டுமுன் கேட்டால் அது நிபந்தனை. கட்டியபின் கேட்டால் அது வெறும் மனு!

சட்டம் நமக்குக் கதவைத் திறந்து வைக்கவில்லை. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடத்துக்கு முன் அனுமதி வேண்டும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. நம்மைக் கேட்கமாட்டார்கள், நாம்தான் போய்ச் சொல்லணும். நமக்குப் பிடிமானமும் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையிலிருந்து வழி எடுக்க, 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி நெடுஞ்சாலை நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். நடைபாதை என்பது உயிர்வாழும் உரிமையில் சேர்ந்தது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

எனவே நமது கோரிக்கைகள்:

1. நடப்பவர், சைக்கிள், ஆடு மாடு, டிராக்டர் எல்லாவற்றையும் சந்தை நாளிலும் அறுவடைக் காலத்திலும் எண்ணி ஆய்வை மறுபடி செய்! அதுவரை அனுமதி தராதே!

2. ஆய்வறிக்கையைத் தமிழில் கிராம சபையில் வாசி!

3. டிராக்டரும் கால்நடையும் போகும்படி சுரங்கப்பாதை அமை! நடைமேம்பாலம் மட்டும் போதாது. மாடு படி ஏறுமா?

4. சர்வீஸ் ரோடும், 1.8 மீட்டருக்குக் குறையாத நடைபாதையும், தெருவிளக்கும் கடை திறக்குமுன் முடித்துக் கொடு!

தோழர்களே, கோரிக்கை வைத்தால் மட்டும் போதாது. அவர்கள் எண்ணாததை நாம் எண்ணுவோம். சந்தை நாள் உட்பட மூன்று நாள், விடியற்காலை 5 மணி முதல் இரவு 8 மணி வரை, விலக்கில் முறை வைத்து உட்காருவோம். படித்த பிள்ளைகள் நோட்டும் பேனாவும் கொண்டு வரட்டும். மணிக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள், அதில் குழந்தைகள் எத்தனை, முதியவர் எத்தனை என்று குறிப்போம். பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் அவர்களுடைய அறிக்கையை வாங்குவோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிராம சபையில் தீர்மானம் போட்டு, திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் மேசையில் வைப்போம்.

வீட்டுக்கு ஒருவர் வாரீர்! ரோட்டைத் தாண்டுவது பிச்சை அல்ல, உரிமை!