பறை கோவில் வாசலோடு நிற்க வேண்டுமா?



பொங்கல் விடுமுறையில் எங்கள் பங்கு இளையோரோடு சிதம்பரத்திலிருந்து ரயிலேறி, சென்னை சங்கமம் பார்க்கப் போயிருந்தேன். 2007-இல் தொடங்கி, இடையில் நின்றுபோய், 2023-இல் மீண்டும் உயிர்பெற்ற நாட்டுப்புறக் கலைவிழா அது. பூங்காவிலும் திடலிலும் கரகம், ஒயிலாட்டம், தெருக்கூத்து என்று எல்லாம் உண்டு. கட்டணம் கிடையாது. நாங்கள் நெடுநேரம் நின்றது பெசன்ட் நகர் கடற்கரையில், பறையாட்டக் குழு அருகில்.

மேடையேறுமுன் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கடற்காற்றின் ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். சூடேறினால்தான் கணீரென்று பேசும். காய்ச்சிக்கொண்டிருந்த பெரியவர் நம் கடலூர் மாவட்டத்துக்காரர். “எங்க பக்கம் எப்பங்கய்யா வாசிப்பீங்க?” என்றேன். “சாவுக்குத்தான் கூப்பிடுறாங்க சாமி. இங்கதான் பேரு சொல்லி மேடையேத்துறாங்க” என்றார்.

நம் பங்குகளில் மட்டும் என்ன வாழ்கிறது? திருவிழாத் தேருக்கு முன்னால் பறை வரும். கோவில் வாசல் வந்ததும் நின்றுவிடும். உள்ளே கொண்டுவரலாமே என்றால், “சாவு மேளத்தைப் பூசையிலா?” என்று கேட்கிறோம். திருப்பலியில் நாம் எதை அறிவிக்கிறோம்? அப்பத்தை உண்டு கிண்ணத்தில் பருகும்போதெல்லாம் ஆண்டவருடைய சாவை அறிவிக்கிறோம் என்றுதானே பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதுகிறார்? பறைதல் என்றாலே அறிவித்தல்தான். சாவைச் சொல்லும் கருவிக்கு நம் பீடத்தருகே இடமில்லை என்றால், வேறெங்கே இருக்கும்?

உடன்படிக்கைப் பேழைக்கு முன் தாவீது ஆடியதைச் சன்னலிலிருந்து பார்த்து மீக்கால் இகழ்ந்தாள். அவளை உறுத்தியது ஆட்டமல்ல. பணிப்பெண்கள் பார்க்க அரசன் ஆடியதுதான். நம்மை உறுத்துவதும் ஓசையல்ல, அடிப்பவர் எந்தத் தெரு என்பதுதான். வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், இது சாதி. அந்தந்த மக்களின் இசை மரபை மதிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே சொல்லிவிட்டது. 2025-இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீயே அறிவித்துவிட்டார்கள். நாம்தான் இன்னும் வாசலில் நிற்கிறோம்.

ஆனால் திரும்பும் ரயிலில் எங்கள் இளைஞன் ஒருவன் சொன்னதையும் கேளுங்கள். “எங்க தாத்தா அடிச்சது போதும் ஃபாதர். நான் தொடமாட்டேன்.” அவன் சொல்வது நியாயம். கூலியும் இழிவுமாக ஒரு தெருவின் தலையில் கட்டப்பட்டதை, ‘கலை’ என்று பெயர் மாற்றி மறுபடி அதே தெருவிடம் கொடுப்பது என்ன மரியாதை? திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் இளம்பெண்கள் பறையெடுத்து ஆடுகிறார்கள். பெண் தொடக்கூடாது என்றிருந்த கருவி அது. கை மாறினால் பொருளும் மாறுகிறது.

ஆகவே எங்கள் பங்கில் மறைக்கல்வி முடிந்ததும் ஞாயிறுதோறும் பறைப் பயிற்சி வைத்திருக்கிறோம். எல்லாத் தெருப் பிள்ளைகளும் வரலாம். கற்றுத்தருபவருக்குக் கீபோர்டு ஆசிரியருக்குத் தரும் அதே சம்பளம். குருத்து ஞாயிறன்று பவனியோடு பறையும் உள்ளே வந்து பீடம்வரை ஒலிக்கும். இதுவரை ஒன்பது பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள், ஒன்பதும் ஒரே தெரு. மற்ற தெருக்களுக்கு இந்த வாரம் நானே வீடு வீடாக வருகிறேன்.