வயல்வரம்பின் மருந்து: வல்லாரை
(கினிகத்தேனைப் பகுதிக் கமக்காரருக்கு நிகழ்த்திய உரை)

 

நெல்லையும் மரக்கறியையும் பற்றியே நாம் வழக்கமாகப் பேசிவருகின்றோம். இன்று நும் வயல்வரம்பிலும் தோட்டத்துக் கான் ஓரத்திலும் தானாகவே படர்ந்து கிடக்கும் வல்லாரையைப் பற்றிச் சில கூற விரும்புகின்றேன். சிங்கள அயலவர் இதனைக் கொட்டுகொல என்பர். கொத்தமல்லியும் கரட்டும் எக்குடும்பத்தைச் சேர்ந்தனவோ, அக்குடும்பத்தையே இச்சிறு பூண்டும் சேர்ந்ததாகும். இதனை மருந்தென்று போற்றுகின்றோம். ஆயின், அது எந்த நீரில் நிற்கின்றது என்பதைப் பார்ப்பதில்லை. இந்த ஒரு குறையைப் போக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முன்னோர் கண்ட பயன்கள்

சித்த வைத்தியரும் ஆயுர்வேத வைத்தியரும் வல்லாரையை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். ஆயுர்வேதத்தில் இதற்கு மண்டூகபர்ணி என்று பெயர். இந்தியாவின் சில பகுதிகளில் இதனைப் பிராமி என்றும் வழங்குவர். நீர்ப்பிரமி என்பது வேறொரு செடி. அதன் பெயரும் பிராமி ஆதலால், கடையில் வாங்குவோர் இரண்டையும் பிரித்தறிந்து வாங்குதல் வேண்டும்.

ஞாபக சக்தி வளரவும், தோல்நோய் தணியவும், புண் ஆறவும், உடற்சூடு குறையவும் வல்லாரை உதவும் என்பது முன்னோர் கொள்கை. இலையை நிழலில் உலர்த்திப் பொடியாக்கிப் பாலுடன் உண்பதும், சாறு பிழிந்து நெய்யிற் காய்ச்சி வல்லாரை நெய் செய்வதும் தமிழரிடையே உள்ள முறைகள். பச்சையரிசிக் கஞ்சியில் தேங்காய்ப்பாலும் இலைச்சாறும் சேர்த்துக் காலையில் அருந்துவது சிங்கள மக்களின் வழக்கம். இதற்குக் கொலகெந்த என்று பெயர். நம் வீடுகளிலோ சம்பலாகவும் சுண்டலாகவும் வல்லாரை சோற்றுடன் சேருகின்றது.

இக்கால ஆராய்ச்சி கூறுவது

முன்னோர் கூற்றில் எது நிலைபெற்றது, எது இன்னும் ஐயத்துக்குரியது என்பதை நாம் அறிந்துகொள்வது நலம். 1940ஆம் ஆண்டுகளில் மடகஸ்கார்த் தீவில் பிரெஞ்சு அறிஞர்கள் இச்செடியிலிருந்து ஆசியாட்டிக்கோசைட்டு என்னும் பொருளைப் பிரித்தெடுத்துத் தொழுநோய்ப் புண்களுக்குப் பயன்படுத்திப் பார்த்தனர். அப்பொருளும் அதன் இனத்தனவும் புதிய தோல் இழை உண்டாவதைத் தூண்டுகின்றன என்பது பின்னர் விளங்கிற்று. தூய்மை செய்த வல்லாரைச் சத்துச் சேர்ந்த களிம்புகள் இன்று பல நாடுகளில் விற்கப்படுகின்றன. ஆகவே, புண் ஆற்றும் குணம் பற்றிய முன்னோர் கருத்துக்குத் தக்க ஆதாரம் உளது.

ஞாபக சக்தியின் நிலை வேறு. இதுகாறும் நடந்த சோதனைகளை ஒன்றுசேர்த்து நோக்கி 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, வல்லாரை அறிவாற்றலைப் பெருக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை என்றே முடிவு கூறிற்று. பரீட்சைக்குச் செல்லும் பிள்ளைக்கு வல்லாரைச் சம்பல் நல்ல உணவு. ஆயினும், படிப்புக்கும் உறக்கத்துக்கும் அது ஈடாகாது.

அளவு மிஞ்சினால் தீங்கும் உண்டு. வல்லாரை மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொண்ட மூன்று பெண்களுக்கு ஈரல் பாதிப்பு நேர்ந்தமை 2005ஆம் ஆண்டில் வெளியான மருத்துவ அறிக்கையொன்றில் உளது. உணவாகக் கறியளவில் உண்பதையும், மருந்தாகப் பொடியையும் மாத்திரையையும் நாட்கணக்காக உட்கொள்வதையும் ஒன்றாக எண்ணலாகாது. கருவுற்ற தாய்மாரும், ஈரல் நோயுடையோரும், வேறு மருந்து உண்போரும் வைத்தியரைக் கேளாமல் மருந்தளவில் இதனை உட்கொள்ளுதல் தகாது.

காயத்துக்கு இலையை அரைத்துக் கட்டும் வழக்கம் பற்றியும் எச்சரித்தல் கடமை. கவ்வாத்துக் கத்தியாலோ மண்வெட்டியாலோ ஏற்பட்ட வெட்டுக்காயத்தில், கான் ஓரத்து இலையைப் பறித்துக் கசக்கி வைப்பாரைக் காண்கின்றோம். புண் ஆற்றுவது தூய்மை செய்த சத்தே. மண் படிந்த பச்சை இலையன்று. அம்மண்ணில் ஏற்புவலிக் கிருமி இருத்தல் கூடும். காயத்தைச் சவர்க்காரமும் சுத்த நீரும் கொண்டு கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்க.

நீரே முதன்மை

கினிகத்தேனையும் வட்டவளையும் நம் நாட்டில் மிகுந்த மழை பெறும் இடங்கள். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று ஓயாது பொழிகின்றது. மலைச்சரிவில் தேயிலையும் குடியிருப்பும், பள்ளத்தில் வயலும் மரக்கறிப் பாத்தியும் அமைந்திருப்பது இப்பகுதியின் இயல்பு. மேலே பெய்த மழை லயத்துக் கானையும் மாட்டுக் கொட்டிலையும் மலசலகூடக் குழியையும் தொட்டுக்கொண்டே கீழே வருகின்றது. ஈரத்தை நாடும் வல்லாரையோ அந்தக் கான் ஓரத்திலேயே செழித்து வளர்கின்றது. செழிப்பைக் கண்டு அதனைப் பறிக்கின்றோம். பச்சையாகவே சம்பல் செய்து பிள்ளைகளுக்குக் கொடுக்கின்றோம். வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி ஆகிய நோய்களின் கிருமிகள் இவ்வழியே வீட்டுக்குள் புகுதல் கூடும்.

கிருமி மட்டுமன்று. தேயிலையில் தெளித்த களைகொல்லியும், மரக்கறிக்குத் தெளித்த பூச்சிகொல்லியும் அதே நீரிற் கலந்து வரலாம். அன்றியும், மண்ணிலுள்ள கட்மியம், ஈயம் போன்ற உலோகங்களை வல்லாரை தன்னுள் இழுத்துக்கொள்ளும் இயல்பினது. கிருமியைக் கழுவி ஓரளவு நீக்கலாம். இலைக்குள் ஏறிய உலோகத்தைக் கழுவுதல் இயலாது. ஆதலின், பெருந்தெரு ஓரத்திலும், குப்பை கொட்டிய இடத்திலும், கழிவுக் கானிலும், களைகொல்லி தெளித்த வரம்பிலும் வல்லாரை பறிப்பதை இன்றோடு நிறுத்துதல் வேண்டும்.

பயிரிடும் முறை

பறிப்பதை நிறுத்தினால் இலைக்கு எங்கே போவது எனக் கேட்பீர்கள். வீட்டுக்கருகே ஒரு பாத்தி போதும். கழிவு நீர் வந்து சேராத மேட்டிடத்தைத் தெரிந்து, ஒரு மீற்றர் அகலத்தில் பாத்தி அமைக்க. நம் பகுதியின் மழைக்குப் பாத்தி ஒரு சாண் உயரமாவது இருத்தல் வேண்டும்; ஈரம் வேண்டுமே தவிர, நீர் தேங்குதல் ஆகாது. சரிவான நிலமாயின் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்து, மேற்புறத்தில் ஒரு கான் வெட்டி வெள்ளத்தைத் திருப்பிவிடுக.

நன்கு மக்கிய கூட்டெருவை மண்ணோடு கலக்க. பச்சைச் சாணத்தையும் புதிய கோழியெருவையும் இலைப்பயிருக்கு இடலாகாது. நோயற்ற செடியிலிருந்து வேர்விட்ட ஓடுகொடிகளை எடுத்து, ஒரு சாணுக்கு ஒன்றாக நடுக. வாழையின் கீழ் விழும் அரைநிழல் இதற்கு ஏற்றது. நிமிர்ந்து வளரும் பேரிலை வகை சந்தைக்கு உகந்தது. நிலத்தோடு படரும் சிற்றிலை வகையை நாட்டு வைத்தியர் விரும்புவர்.

ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முதல் அறுவடை கிடைக்கும். செடியைப் பிடுங்காது, ஓடுகொடியை விட்டுக் கத்தியால் இலையை மட்டும் அறுக்க. பின்னர், மாதத்துக்கு ஒரு முறையோ ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறையோ அறுக்கலாம். களையைக் கையால் எடுக்க. மழைநாளில் நத்தைகள் மிகும். அந்தி வேளையில் விளக்கோடு சென்று அவற்றைப் பொறுக்கி அழிக்க. பச்சையாக உண்ணும் இப்பயிருக்கு நஞ்சு தெளிப்பதை அறவே தவிர்த்தல் நலம்.

சந்தைக்குக் கொண்டுசெல்வோருக்கு ஒரு வேண்டுகோள். வாடாதிருக்கும் பொருட்டுக் கட்டுகளை வாய்க்காலில் நனைத்தெடுப்பது பலரின் வழக்கம். நல்ல பாத்தியில் விளைந்த இலையையும் அந்த ஒரு செயல் கெடுத்துவிடும். குடிப்பதற்கு உகந்த நீரையே தெளித்து, ஈரச் சாக்கால் மூடிக் கொண்டுசெல்க.

உண்ணும் முறை

வேரையும் பழுத்த இலையையும் நீக்கி, ஓடும் சுத்த நீரில் பலமுறை அலசுக. சிறு குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் பச்சைச் சம்பலினும் வேகவைத்த சுண்டலும் கொதித்த கஞ்சியும் ஏற்றவை.

கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கு ஒன்று கூறுவேன். இரத்தச்சோகை நம் தோட்டங்களில் பரவலாக உள்ள குறை. கீரையில் இரும்புச் சத்து உண்டு. ஆனால், கீரையின் இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. தேசிக்காய்ப் புளி சேர்த்தால் அது கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு தேநீர் அருந்தினாலோ அது தடைப்படும். ஆகவே, சம்பலுக்குத் தேசிக்காய் பிழிக. உண்டபின் ஒரு மணி நேரம் கழித்தே தேநீர் அருந்துக. கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையைக் கீரையை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

பெருமக்களே! வல்லாரைக்குப் பெரு முதல் வேண்டியதில்லை. அகன்ற நிலமும் வேண்டியதில்லை. சுத்தமான இடமும் சுத்தமான நீரும் இருந்தாற் போதும். வரும் வாரத்திலேயே வீட்டுக்கொரு பாத்தி அமைப்பீராக. இடம் தெரிவதிலோ நடுவதிலோ ஐயம் நேரின், நும் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகிக் கேட்பீராக.