பல் மருத்துவர் அமரும் முறை



பல்வலி கண்டவர் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்ததும் தம் வலியையே எண்ணிக்கொண்டிருப்பார். அந்நேரத்தில் மருத்துவரின் கழுத்தும் முதுகும் படும் பாட்டை எண்ணுபவர் சிலரே. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லன்; பள்ளித் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆயினும், கூனி அமர்ந்து எழுதும் பிள்ளையின் கையெழுத்தும் கோணுவதைப் பல ஆண்டுகள் கண்டிருக்கிறேன். உடல் அமரும் முறைக்கும் கையின் திறனுக்கும் உள்ள உறவு எல்லாத் தொழிலுக்கும் பொதுவன்றோ?

முற்காலத்துப் பல் மருத்துவர் நின்றுகொண்டே பணி செய்தார். 1871-இல் அமெரிக்கரான ஜேம்ஸ் மாரிசன் காலால் மிதித்து இயக்கும் துளைப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். கால் பொறியை மிதிக்க, கை பல்லைக் குடைய, முதுகு வளைந்தே நின்றது. 1957-இல் ஜான் போர்டனின் காற்றுச்சுழலிப் பொறி வந்தது. அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 3,00,000 முறை சுழன்றது. அவ்வேகத்தில் பல் சூடேறும். ஆதலின் நீரைத் தெளிக்கவேண்டும். தெளித்த நீரை உறிஞ்சியெடுக்க உதவியாளர் வேண்டும். 1958-இல், முழுவதும் சாயும் நாற்காலியும் அமெரிக்காவில் அறிமுகமாயிற்று. நோயாளர் படுத்தார், மருத்துவர் அமர்ந்தார், இரு கை வேலை நான்கு கை வேலையாயிற்று.

அமர்ந்துவிட்டால் மட்டும் போதுமா? எங்கே அமர்வது என்பதற்கும் முறை உண்டு. படுத்திருப்பவரின் முகத்தைக் கடிகார முகமாக எண்ணிக்கொள்ளுங்கள். உச்சந்தலை 12 மணி. கால் பக்கம் 6 மணி. வலக்கையால் பணி செய்யும் மருத்துவர் 8 மணிக்கும் 12 மணிக்கும் இடையில், வேலைக்கு ஏற்றவாறு இடம் மாறி அமர்வார். உதவியாளர் எதிர்ப்புறம் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் இருப்பார். கருவிகள் நோயாளரின் மார்புக்கு மேலாகக் கைமாறும். கண்ணெதிரே ஊசியைக் காட்டி அவரை அஞ்சச் செய்தலும் இதனால் தவிரும்.

நோயாளரின் வாய் மருத்துவரின் முழங்கை உயரத்தில் இருத்தல் நலம். மேல்தாடைக்கு நோயாளரைக் கிடையாகப் படுக்கவைத்தும், கீழ்த்தாடைக்குச் சற்றே நிமிர்த்தியும் பணி செய்வர். நேரே தெரியாத பல்லைச் சிறு கண்ணாடியில் பார்ப்பர். இவற்றை விடுத்துக் கழுத்தைத் திருகி எட்டிப் பார்த்தால் என்ன ஆகும்? மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அது முன்னே சாயச் சாயக் கழுத்துத் தசைகளின் சுமை பெருகும். அசையாமல் இறுகிய தசையில் குருதியோட்டம் குறையும். ஒரு நாள் நோவு பல ஆண்டுகளில் நிலைத்த நோயாகலாம். நல்ல கைத்திறன் படைத்தவரும் தொழிலைக் குறைத்துக்கொள்ளவோ கைவிடவோ நேரும். அவ்விழப்பு ஊராருக்குமன்றோ?

இதில் நமக்கும் ஒரு கடமை உண்டு. "தலையைச் சற்று இப்பக்கம் திருப்புங்கள்" என்று மருத்துவர் கேட்டால் தயங்காது திருப்புவோம். நாம் விரலளவு அசைந்தால் அவர் முதுகு வளையாமல் தப்பும். மூச்சுத் திணறல் உள்ளவரும் நிறைமாதக் கர்ப்பிணியும் மல்லாந்து படுக்க இயலாதெனில் முன்னரே சொல்லிவிடவேண்டும். மருத்துவர் அதற்கேற்ப நாற்காலியை அமைப்பார்.

பிறர் நோவைத் தீர்ப்பவர் தாம் நோவுறாதிருக்க நாமும் துணைசெய்வோம்.