விளக்கு எரிகிறது, வைஃபை பெயர் வரவில்லை

மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்தவர்கள் காலையில் சொன்னது ஒன்றே: "ஆக்சஸ் பாயின்ட்டில் விளக்கு எரியுது சார், டேப்லெட்டில் வைஃபை பெயரே காட்டல." வகுப்பில் பிள்ளைகள் காத்திருக்க, நாம் இணைய நிறுவனத்துக்குப் போன் போடுகிறோம். இணையம் அறுந்தாலும் பெரும்பாலும் பெயர் தெரியும். பெயரே இல்லையென்றால் முதலில் மின்சாரத்தைப் பாருங்கள்.

கூரையிலுள்ள அந்தப் பெட்டிக்குப் பல பள்ளிகளில் தனி மின்வயர் கிடையாது. ஸ்விட்ச்சிலிருந்து வரும் லேன் கேபிளே மின்சாரமும் தருகிறது. 2003இல் வந்த 'ஏஎஃப்' தரத்தில் போர்ட் தருவது 15.4 வாட், 100 மீட்டர் கேபிள் தாண்டிக் கிடைப்பது 12.95தான். 2009இன் 'ஏடி' தரத்தில் போர்ட்டுக்கு 30 வாட். ஏடி கேட்கும் பெட்டியை ஏஎஃப் போர்ட்டில் செருகினால், சில மாடல்கள் விளக்கை எரியவிட்டு ரேடியோவை மட்டும் அணைத்துவிடும். ஆளைப் பார்த்தால் நலம், வாய் மட்டும் பேசாது!

எட்டு போர்ட் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். ஸ்விட்ச்சின் மொத்தத் திறன் 60 வாட் என்றால், நான்கு பெட்டிகள் 15.4 வீதம் கேட்டாலே 61.6. செம்பு பூசிய அலுமினியக் கேபிளாக இருந்தால் இழப்பு இன்னும் கூடும்.

பெட்டியைக் கழற்றி, ஸ்விட்ச் பக்கத்திலேயே நல்ல குட்டைக் கேபிளில் மாட்டுங்கள். மற்றவற்றை உருவிவிடுங்கள். பெயர் வந்தால் பெட்டி நலம். பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது அணைகிறதோ, அங்கே வாட் தீர்ந்தது. எதற்கும் அணையவில்லையா? பழைய கேபிளை மாற்றுங்கள்.