மண் வீட்டுக்கு மேல மாடி எழுப்ப முடியுமா?

நான் சென்னையில கடைசி மாடியில குடியிருக்கேன். ராத்திரி பதினொரு மணிக்கு ஃபேன் போட்டாலும் அனல்தான் இறங்கும். பகல் முழுக்க வாங்கின வெயிலை அந்த காங்கிரீட் தளம் அப்போதான் திருப்பிக் கொடுக்குது. ஏசி பில் தனிக்கதை.

இப்போ அப்பா திண்டிவனம் பக்கத்துல வீடு கட்டப் போறார். அங்கேயும் அதே தளம்தான். "மண்ணுலயே கட்டலாமேப்பா, கூரையையும் சேர்த்து"ன்னு சொன்னேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

மண்ணில் சுவர் சரி, கூரை எப்படி? மண்ணை அழுத்தினா தாங்கும், இழுத்தா விட்டுடும். தட்டையான தளம் நடுவுல தொய்யும்போது அடிப்பக்கம் இழுபடும். அதுக்குத்தான் உள்ளே கம்பி. இப்போ ஒரு சங்கிலியோட ரெண்டு முனையையும் பிடிச்சுத் தொங்க விடுங்க. அதுல இருக்கறது இழுவிசை மட்டும். அந்த வளைவை அப்படியே தலைகீழாக் கவிழ்த்தா அழுத்தம் மட்டும்தான். கம்பியே வேண்டாம்.

சரி, கட்டும்போது அதை யார் தாங்குறது? எகிப்து கட்டிடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி 1941-ல் இதில்தான் மாட்டினார். போர்க்காலம், மரம் கிடைக்கலை. சாரம் இல்லாம வளைவுக் கூரை போட்டுப் பார்த்தார், இடிஞ்சு விழுந்தது. அப்புறம் அஸ்வான் பக்கம் போனா, நூபியக் கொத்தனார்கள் அதைச் சாதாரணமாக் கட்டிக்கிட்டு இருக்காங்க! பின்சுவரை உயரமா எழுப்பி, பச்சைக்கல் வரிசைகளைச் சேத்தை வச்சு அதுமேல சாய்ச்சு ஒட்டுறாங்க. ஒவ்வொரு வரிசையும் முந்தினதுமேல சாஞ்சு நிக்குது. முட்டுக்கொடுக்க ஒரு பலகை கிடையாது. டிபெண்டன்சி இல்லாத கோட்னு என் மண்டை உடனே மொழிபெயர்த்துச்சு. லக்சர் பக்கத்துல ராமேசியம் கோயில் கிடங்குகளில் இந்த மாதிரி மண் வளைவுகள் 3,000 வருஷத்துக்கு மேல நிக்குது.

"அங்கே மழை ஏது?" இது அப்பா. நியாயமான கேள்வி. ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்ல மண்ணோட 5 சதவீதம் சிமென்ட் கலந்து, மெஷின்ல அழுத்தி கல் பண்றாங்க. சூளை கிடையாது, அதனால எரிக்க விறகும் நிலக்கரியும் வேண்டாம். நாலு வாரம் ஈரம் காயாம வச்சிருந்தா போதும்.

ஒண்ணை ஒளிக்காம சொல்லிடறேன். மண் கூரை ஏசி ஆகாது. தடிமனான மண் சூட்டைத் தாமதமாத்தான் உள்ளே விடும். ராத்திரி காத்து வந்து அதை வெளியே தள்ளணும். நம்ம கடலோரப் புழுக்கத்துல ஜன்னலைத் தப்பான திசையில வச்சா எந்தக் கூரையும் காப்பாத்தாது.

அப்பாவோட உண்மையான பயம் வேற. "தம்பிக்குக் கல்யாணம் ஆனா மேல ஒரு மாடி எழுப்ப முடியுமா?" அம்மா சேர்ந்துக்கிட்டாங்க: "முட்டை மாதிரி இருந்தா வடகம் எங்கே காய வைக்கிறது?"

குவிமாடத்துக்கு மேல முடியாதுதான். ஆனா உயரம் குறைஞ்ச வளைவுக் கூரைமேல நிரப்பிச் சமப்படுத்தினா தளமாயிடும். வளைவு பக்கவாட்டில் சுவரைத் தள்ளும், அதுக்குத் தகுந்த மாதிரி கட்டணும். ஆரோவில்லின் விகாஸ் குடியிருப்பில் இப்படி நாலு மாடி வரைக்கும் போயிருக்காங்க.

அப்பா நம்பலை. ஞாயித்துக்கிழமை ஆரோவில்லுக்கு எங்ககூட ஒரு கொத்தனாரும் வர்றார்.