புராண வானமும் கணித வானமும்



இந்து சமய நூல்கள் காட்டும் அண்டத்தையும் இன்றைய வானியலையும் ஒப்பிட்டுப் பேச விருதுநகர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் அமைவது அரிது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பம் வெளியாகிறது. அங்கே அச்சாகும் தினசரி காலண்டர் தாள் ஒவ்வொன்றிலும் தேதிக்குப் பக்கத்தில் திதி, நட்சத்திரம், ராகுகாலம், எமகண்டம் எல்லாம் இருக்கும். மளிகைக் கடைச் சுவரில் தொங்கும் அந்தத் தாளில் இரண்டு வானங்கள் உண்டு. ராகு புராணத்துப் பாம்பு. திதியோ சூரியனிலிருந்து சந்திரன் விலகிச் செல்லும் கோணத்தை 12 பாகைக்கு ஒன்றாக வகுத்த கணக்கு.

இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதால்தான் விவாதம் நகர மறுக்கிறது. ஒரு தரப்பு, எல்லாவற்றையும் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள் என்கிறது. மறு தரப்பு, எல்லாமே கட்டுக்கதை என்கிறது. ஆனால் புராண வானத்தைக் கேள்வி கேட்டவர்கள் மரபுக்குள்ளேயே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள். அவர்கள் வைத்திருந்த உரைகல் கண்ணுக்குத் தெரியும் வானம். இந்தக் கருத்தரங்கும் அதே உரைகல்லை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்தத் தலைமையுரையின் வேண்டுகோள்.

விஷ்ணு புராணத்தின் இரண்டாம் அம்சம் உலகை விரிவாக வரைகிறது. நடுவே, யோசனை என்ற பழைய தொலைவு அளவில் 1 லட்சம் அகலமுள்ள ஜம்புத்வீபம். அதன் நடுவில் 84,000 யோசனை உயர்ந்து நிற்கும் மேரு. சுற்றிலும் ஒன்றைவிட ஒன்று இருமடங்கான தீவுகள். இடையிடையே உப்புநீர், கருப்பஞ்சாறு, மது, நெய், தயிர், பால், நன்னீர் என ஏழு கடல்கள். பூமிக்கு மேலே 1 லட்சம் யோசனையில் சூரியன். அதற்கும் 1 லட்சம் யோசனை மேலே சந்திரன். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குத் தட்சிணமேரு என்று பெயர் வந்தது இந்த அண்டப் படத்திலிருந்துதான். சிற்பிக்கும் பக்தனுக்கும் அது அள்ளிக் கொடுத்தது ஏராளம்.

அந்தப் படத்தை வானத்தில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகிறது? 2010 ஜனவரி 15, தை அமாவாசை. நண்பகல் கடந்த வேளையில் தென் தமிழகத்தில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. தனுஷ்கோடியில் அந்த நெருப்பு வளையம் 10 நிமிடத்துக்கு மேல் நின்றது. விருதுநகர் மாவட்டத்து மக்களும் அதைக் கண்டார்கள். சூரிய வட்டத்தின் நடுவே கரிய வட்டமாகச் சந்திரன் வந்து மறைத்தது. சூரியனுக்கு அப்பால் இருக்கும் பொருள் சூரியனை மறைக்க முடியாது. சந்திரன் சுமார் 3.84 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலும், சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவிலும் இருப்பதை இன்று பள்ளிப் பாடமே சொல்கிறது.

சந்திரனே பூமிக்கு அண்மையில் இருப்பதைப் பழைய கணிதர்களும் அறிந்திருந்தார்கள். 499இல், தம் 23ஆம் வயதைக் குறிப்பிடும் ஆரியபட்டர், பூமி உருண்டை, அது தன்னைத்தானே சுற்றுகிறது, கிரகணம் நிழலால் நேர்கிறது என்று எழுதினார். பின்வந்த கணிதர் லல்லர் இன்னும் நேராகக் கேட்டார்: பூமி சமதளம் என்றால், தூரத்தில் நிற்கும் பனை போன்ற நெடுமரங்கள் ஏன் கண்ணில் படுவதில்லை? பனங்காடு பார்த்து வளர்ந்த இந்த மண்ணுக்கு அந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை. ஆனால் சித்தாந்தங்கள் எனப்படும் இந்தக் கணித வானியல் நூல்களும் பிழையற்றவை அல்ல. அவற்றின் அமைப்பில் பூமியே மையம்; பூமி சுழல்கிறது என்ற ஆரியபட்டரின் கருத்தைப் பிரம்மகுப்தர் ஏற்கவில்லை. தவற்றைச் சுட்டி அடுத்தவர் திருத்த இடம் இருந்தது என்பதே அந்த மரபின் பெருமை.

அந்த மரபு தமிழர் கையில் எப்படி இயங்கியது என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. ஜான் வாரன் 1825இல் சென்னையில் வெளியிட்ட ‘காலசங்கலித’ நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சந்திர கிரகணம் கணித்த முறையைப் பதிவு செய்திருக்கிறார். எழுதுகோல் இல்லை, ஏடு இல்லை. தரையில் சோழிகளை அடுக்கி எண்களை வைத்தார். வேண்டிய வாய்பாடுகளை எல்லாம் சொற்களாக மனப்பாடத்திலிருந்து எடுத்தார். 1825 மே இறுதியில் நிகழ்ந்த கிரகணத்துக்கு அந்தக் கணக்கு தந்த நேரம் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிசகியது. வாக்கியங்கள் எனப்படும் அந்தச் சொல் வாய்பாடுகளுள் சந்திரனுக்கான 248உம் காரணத்தோடு அமைந்தவையே: பூமிக்கு அண்மையில் வந்த சந்திரன் அப்படியே 9 முறை திரும்பி வர ஏறக்குறைய 248 நாள் ஆகிறது.

இத்தகைய பிசகுகளைத் திருத்த முனைந்தவரும் ஒரு தமிழ்நாட்டு வைணவரே. சென்னை வான் ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். தொலைநோக்கியில் கண்டதைக் கொண்டு பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று வாதாடி, திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். வாக்கியமா, திருக்கணிதமா என்று இன்றும் கோயில்களிலும் வீடுகளிலும் நடக்கும் வழக்கின் வேர் அங்கே இருக்கிறது.

எண்ணைப் பொருத்திப் பார்க்கும் ஆசையையும் இங்கே தொட்டாக வேண்டும். ஒரு கல்பம் 432 கோடி ஆண்டு. பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டு. எவ்வளவு நெருக்கம் என்று மேடைதோறும் வியக்கிறார்கள். கல்பம் என்பது பிரம்மாவின் ஒரு பகலின் முழு நீளம். அந்த மரபுக் கணக்குப்படியே நடப்புக் கல்பத்தில் கழிந்தது சுமார் 197 கோடி ஆண்டுதான். நூலை நம்பி ஒப்பிடுவதென்றால் வைக்க வேண்டிய எண் அதுவே. அது பூமியின் வயதுக்குப் பாதிகூட இல்லை. மெய்யாகவே வியக்கத்தக்க எண் வேறொன்று இருக்கிறது. சூரிய சித்தாந்தம் தரும் நட்சத்திர ஆண்டு 365.2588 நாள், இன்றைய அளவு 365.2564 நாள். வித்தியாசம் மூன்றரை நிமிடத்துக்குள். அது தலைமுறை தலைமுறையாக வானத்தை நோக்கியவர்கள் ஈட்டிய எண்.

ஸ்ரீவில்லிபுத்தூர் இந்த ஆய்வுக்கு இன்னொரு கதவைத் திறக்கிறது. ஆண்டாளின் திருப்பாவையில் மார்கழி விடியலில் வெள்ளி எழுந்ததும் வியாழன் மறைந்ததும் குறிக்கப்படுகின்றன. அதைக் கொண்டு அந்த விடியலைத் தமிழறிஞர் மு. இராகவையங்கார் 731 டிசம்பர் 18 என்று கணித்தார்; ஒன்பதாம் நூற்றாண்டு என்று கணித்தவர்களும் உண்டு. வெள்ளி 8 ஆண்டுக்கு ஒருமுறை அதே பருவத்தில் அதே நிலைக்குத் திரும்புகிறது. வியாழன் ஏறத்தாழ 12 ஆண்டில் ராசி மண்டலத்தைச் சுற்றி வருகிறது. ஆகவே 24 ஆண்டுக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே காட்சி மீளும். வானம் பல தேதிகளை முன்வைக்கும். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கல்வெட்டும் மொழி வரலாறும் துணைக்கு வர வேண்டும்.

731 என்றே கொண்டால் இன்னொன்றும் தெரிகிறது. சூரியன் வடக்கே திரும்பும் நாள் அன்று மார்கழிக் கடைசி வாரத்தை ஒட்டி விழுந்திருக்கும். இன்று அது மார்கழி 6, 7லேயே வந்துவிடுகிறது. தை முதல் நாளை உத்தராயணம் என்று கொண்டாடும்போது சூரியன் திரும்பி மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதன் விளைவு இது. சுமார் 71 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நகர்ந்துகொண்டே போகிறது.

இதையெல்லாம் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். சிவகாசி ஏறத்தாழ 9.45 பாகை வட அகலாங்கில் இருப்பதால், சித்திரை பிறப்பை ஒட்டிய நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. கடிகாரம் ஏறக்குறைய 12.19 காட்டும்போது செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே இராது. சம இரவு நாளில் சங்கு எனப்படும் 12 அங்குலக் குச்சியை நட்டால் அதே ஊரில் நண்பகல் நிழல் 2 அங்குலம். சித்தாந்த நூல்கள் கற்பித்த முறை இதுதான்; முக்கோணவியல் படிக்கும் பத்தாம் வகுப்பு மாணவி இதைத் தானே சரிபார்த்துவிடலாம்.

புராணமும் சித்தாந்தமும் கேட்காத கேள்வி ஒன்றுக்கும் இன்றைய வானியல் விடை சொல்கிறது: விண்மீன் எதனால் ஆனது? பட்டாசு ஆலைக்காரர்கள் சிவப்பு ஒளிக்குச் சேர்க்கும் ஸ்ட்ரான்சியம் ஒவ்வொரு முறையும் தனக்கே உரிய நிறக்கோடுகளைத் தருகிறது; ஒளியிலுள்ள அத்தகைய கோடுகளைக் கொண்டே விண்மீனில் இருப்பவற்றையும் அறிகிறார்கள். 2017இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஒளியை ஆராய்ந்தவர்கள் அதிலும் ஸ்ட்ரான்சியத்தின் தடத்தைக் கண்டார்கள்.

இந்த இரண்டு நாள் அமர்வுகள் மூன்று பணிகளையாவது தொடங்கி வைக்க வேண்டும். சிவகாசிக் காலண்டர்களில் அச்சான வாக்கிய, திருக்கணிதக் கிரகண நேரங்களைத் தொகுத்து, உண்மையில் நிகழ்ந்த நேரத்தோடு அட்டவணையாக்குவது முதற்பணி. வீடுகளில் கிடக்கும் பஞ்சாங்கக் கணித ஏடுகளைப் படமெடுத்துக் காப்பது அடுத்தது. வரும் சித்திரையில் மாவட்டத்துப் பள்ளிகள் ஒரே நாளில் நிழல் அளந்து பதிவு செய்வது மூன்றாவது. முதல் அமர்வு வாக்கியக் கணிதம் பற்றியது. கட்டுரையாளர்களை மேடைக்கு வருமாறு அழைத்து, கருத்தரங்கு தொடங்கி வைக்கப்படுகிறது.