தாமரை இலையும் மீன் செதிலும்

  

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பார்கள். ஆனால் இரண்டும் ஒன்றாகக் கலங்கிவிட்டால் பிரிப்பது எளிதா? மீனவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

2010 ஆகஸ்டு 7 அன்று மும்பைத் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கடலில் கொட்டியது. கரையோர அலையாத்திக் காடுகளில் கறுப்பாக அப்பியது. 2023 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது, சென்னைக்கு வடக்கே எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. படகுகளிலும் வலைகளிலும் ஒட்டிக்கொண்டது. மீனவர்கள் வாளி வாளியாக எண்ணெயை அள்ளினார்கள். அவர்களுக்கு அது பிழைப்புப் பிரச்சினை.

தண்ணீர் மேல் எண்ணெய் படர்ந்தால் காற்று உள்ளே போவது குறையும். மீன் மூச்சுத் திணறும்.

மிதக்கும் எண்ணெயை அள்ளலாம். கலந்துவிட்ட எண்ணெயை என்ன செய்வது? பாலைப் பாருங்கள். அதில் கொழுப்பு இருக்கிறது. தனியாகத் தெரிகிறதா? இல்லை. மிகச் சிறு துளிகளாக எங்கும் பரவியிருக்கிறது. பட்டறையிலும் தொழிற்சாலையிலும் சோப்பு போட்டுக் கழுவிய எண்ணெய்த் தண்ணீரும் அப்படித்தான். வடிகட்டினால் எண்ணெய் சல்லடையில் ஒட்டி, கண்களை அடைத்துவிடும்.

இதற்கு வழி தேடியவர்கள் இயற்கையைப் பார்த்தார்கள்.

முதலில் தாமரை இலை. "தாமரை இலைத் தண்ணீர் போல" என்று நாம் சொல்வது வழக்கம். தண்ணீர் ஏன் ஒட்டுவதில்லை? இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு மேடுகள் உள்ளன. அவற்றின் மேல் மெழுகு இருக்கிறது. தண்ணீர்த் துளி மேட்டின் நுனிகளில் மட்டும் நிற்கிறது. அடியில் காற்று இருக்கிறது. அதனால் உருண்டு ஓடுகிறது. ஜெர்மனி நாட்டுத் தாவர அறிஞர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1997-இல் இதை விளக்கி எழுதினார்.

அதே இலையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அது பரவி ஒட்டிக்கொள்ளும். தண்ணீரை விரட்டும் இலை, எண்ணெயை ஏற்றுக்கொள்கிறது!

2004-இல் சீன அறிஞர் லெய் ஜியாங் குழுவினர் இப்படி ஒரு சல்லடை செய்தார்கள். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வலைக்கு டெஃப்லான் பூசினார்கள். தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே டெஃப்லான்தான். டீசல் வலை வழியே இறங்கியது. தண்ணீர் மேலேயே நின்றது.

ஆனால் ஒரு சிக்கல். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். எண்ணெய் மேலே மிதக்கும். எண்ணெய் வலையைத் தொடத் தண்ணீரே தடையாகிவிடும். தொட்ட எண்ணெயும் ஒட்டி, நாளடைவில் வலையை அடைக்கும்.

அப்போது மீன் வழி காட்டியது. எண்ணெய் கலந்த தண்ணீரில் நீந்தும்போதும் மீன் செதிலில் எண்ணெய் எளிதில் ஒட்டுவதில்லை. ஏன்? செதில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீர்ப் படலம் எண்ணெயைத் தள்ளிவிடுகிறது.

சப்ஜா விதையை ஊறவைத்தால் சுற்றிலும் வழவழப்பான கூழ் வருமே! அதுபோல் தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஒரு கூழை 2011-இல் எஃகு வலைக்குப் பூசினார்கள். இப்போது தண்ணீர் கீழே இறங்கியது. எண்ணெய் மேலே நின்றது. வலையிலும் ஒட்டவில்லை.

பால் போலக் கலந்த கழிவுக்கு இந்த வலை போதாது. துளியைவிடச் சிறிய கண்கள் உள்ள மெல்லிய சவ்வு வேண்டும். அதையும் இதே முறையில் செய்கிறார்கள். ஆனால் கண் சிறியதாக இருந்தால் தண்ணீர் மெதுவாகவே இறங்கும். உண்மையான கழிவில் மண், சோப்பு, ரசாயனம் எல்லாம் இருக்கும். பூச்சு தேயாமல் பல மாதம் உழைக்க வேண்டும். விலையும் கட்டுப்படியாக வேண்டும். சோதனைக்கூடத்தில் வென்றவை பல, இந்தத் தேர்வில் இன்னும் தேற வேண்டும்.

அதுவரை நம்மால் முடிந்தது என்ன? வண்டிப் பட்டறைக் கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் டின்னில் சேர்க்கலாம். அதை வாங்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுக்கலாம். எண்ணெய்ச் சட்டியைக் கழுவும் முன் பழைய காகிதத்தால் துடைக்கலாம். கலந்த பிறகு பிரிக்க எத்தனை பாடு! கலக்காமல் இருக்க ஒரு டின் போதும்.